செட் மாத்திரையும் சாதியும்: கேள்வி கேட்க முடியாத இடத்தில் மருந்தும் நஞ்சாகும்

சரவணம்பட்டியில் மருந்துக்கடைக்குப் பஞ்சமில்லை. சத்தி சாலையில் நடந்தால் கூப்பிடு தூரத்துக்கு ஒரு மெடிக்கல். 2011-ல் கோவை மாநகராட்சியோடு இணையும்வரை பேரூராட்சியாக இருந்த ஊர் இது. இன்று ஐ.டி. நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் பெரிய வணிக வளாகமும் நிற்கின்றன. இவற்றைக் கூட்டுவதும் துடைப்பதும் குப்பை அள்ளுவதும் பெரும்பாலும் நம் மக்கள்தான். அவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். இந்த முதியவர்கள் என்ன மாத்திரை விழுங்குகிறார்கள், அது அவர்களை என்ன செய்கிறது என்று கேட்க இந்த நகரத்தில் யாருக்கும் நேரமில்லை. நாம் கேட்போம்.

முதலில் 'செட் மாத்திரை'. மூட்டுவலி, இடுப்புவலி என்று போய் நின்றால், கடைக்காரர் நான்கைந்து மாத்திரைகளை வெட்டிக் காகிதத்தில் மடித்துத் தருகிறார். பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை, பில் இல்லை. அதில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை இருக்கும். சில கடைகளில் ஸ்டீராய்டும் சேரும். சாப்பிட்டால் வலி போய்விடுகிறது, மறுநாள் வேலைக்குப் போகலாம், ஒரு நாள் கூலி தப்புகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அடுத்த வாரமும் அதே பொட்டலம், அடுத்த மாதமும் அதே பொட்டலம்.

வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் வேகம் குறையும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிற ஒருவருக்கு இந்த வலி மாத்திரை சேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகலாம், ரத்த அழுத்தமும் ஏறும், வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பைக் கரைக்கும், நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இந்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளே சொல்கின்றன. பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம். சட்டம் இருக்கிறது. நம் காலனிக்குப் பக்கத்துக் கடைக்குத்தான் அது வந்து சேரவில்லை.

"படிப்பறிவு இல்லாதவர்கள், சொன்னாலும் கேட்க மாட்டார்கள்" என்பது எல்லோருக்கும் வசதியான பதில். உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விடியும் முன்பே துடைப்பத்தோடு இறங்குகிற தூய்மைப் பணியாளருக்குச் சாப்பாடு பத்து மணிக்கோ பதினொரு மணிக்கோதான். 'காலை உணவுக்கு முன்' என்று எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தால், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். வேர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும். ரோட்டில் விழுந்தால் "குடித்திருக்கிறான்" என்று சொல்லத்தான் ஆள் இருக்கும்.

நீர் மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். வேலை செய்யும் தெருவில் கழிப்பறை எங்கே? அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையையும் கழுவுகிற அம்மாவுக்கு அந்தக் கட்டடத்தில் தான் போவதற்கு ஒரு கழிப்பறை உண்டா? இல்லை என்றால் அவர் மாத்திரையைத் தவிர்ப்பார். "மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று சீட்டில் எழுதிவிடுவார்கள். பிழை அவருடையதா?

இன்னொன்றும் இருக்கிறது. கொங்குத் தமிழின் பெருமை என்று எல்லோரும் 'ங்க' போட்டுப் பேசுவதைச் சொல்வார்கள். "வாங்க, உக்காருங்க, சொல்லுங்க." எழுபது வயது அருந்ததியர் தாத்தாவிடம் மட்டும் அந்த 'ங்க' பல இடங்களில் உதிர்ந்துவிடும். "என்ன? தள்ளி நில்லு. ரெண்டு வேளை போடு, போ." இப்படிப் பேசுகிறவரிடம் யாராவது போய், "இந்த வெள்ளை மாத்திரை எதுக்குங்க? முன்னாடி குடுத்ததை நிறுத்தணுங்களா?" என்று கேட்பாரா? கேட்காமல் திரும்பி வருகிறார். அரசு மருத்துவமனையில் கொடுத்த பிரஷர் மாத்திரையையும் தனியார் கிளினிக்கில் வேறு பெயரில் எழுதிக் கொடுத்த அதே மருந்தையும் சேர்த்து விழுங்குகிறார். அட்டையில் இருப்பது ஆங்கிலம். வீட்டில் தெலுங்கு பேசி, வெளியே தமிழ் பேசி வாழ்ந்தவர் அவர். யாரைக் கேட்பார்? மருந்துப் பாதுகாப்பு என்பது முதலில் கேள்வி கேட்கும் உரிமை. மரியாதை இல்லாத இடத்தில் அந்த உரிமை இல்லை.

அண்ணல் அம்பேத்கரும் சர்க்கரை நோயால் அவதிப்பட்டவர்தான். 1948-ல் அவரை மணந்த சவிதா அம்பேத்கர் ஒரு மருத்துவர். கடைசிவரை உடனிருந்து பார்த்துக்கொண்டார். அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கவனிப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு அது சாட்சி. அந்தக் கவனிப்பு நம் ஒவ்வொரு தாத்தா பாட்டிக்கும் கிடைக்க வேண்டும் என்கிறோம்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல திட்டம், காப்பாற்ற வேண்டிய திட்டம். 2025 பிப்ரவரியில் 1000 முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டன. ஆனால் தன்னார்வலர் வரும் பகல் நேரத்தில் நம் முதியவர்கள் வேலையில் இருக்கிறார்கள், கதவு பூட்டியிருக்கிறது. நகர மையத்தின் குளக்கரைகளிலிருந்து பெயர்த்து, சரவணம்பட்டியை அடுத்த கீரணத்தம் போன்ற வாரியக் குடியிருப்புகளில் கொண்டுபோய் வைத்தார்களே, அவர்களுக்குத் திருச்சி சாலை அரசு மருத்துவமனை இப்போது பத்து கிலோமீட்டருக்கும் அப்பால். ஒரு நாள் கூலியை விட்டுப் பேருந்து ஏறுவதைவிடச் செட் மாத்திரை அவர்களுக்கு மலிவு.

மாத்திரை மலிவாகக் கிடைப்பது பாதி வேலைதான். அதைச் சரியாகச் சாப்பிட வைப்பது மீதி. உலக சுகாதார நிறுவனம் 2017-லேயே 'தீங்கில்லா மருந்து' என்ற இயக்கத்தைத் தொடங்கி, மருந்தால் வரும் கடுமையான பாதிப்பை ஐந்தாண்டில் பாதியாகக் குறைக்கச் சொன்னது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், இந்திய அளவில் 8.6. நாட்டைவிட நாம் முன்னதாக மூப்படைகிறோம்.

எனவே எங்கள் கோரிக்கைகள் இவை:

1. மாத்திரை உறையில் பெரிய எழுத்தில் தமிழும், சூரியன், நிலா, சாப்பாட்டுத் தட்டு என்று படமும் வேண்டும்.

2. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முதியவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, தேவையில்லாததை நிறுத்தும் பரிசோதனை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடக்க வேண்டும்.

3. தூய்மைப் பணியாளர்கள் கையெழுத்துப் போடும் வார்டு அலுவலகத்திலேயே, கூலி பிடிக்காமல், மருந்தும் பரிசோதனையும் தர வேண்டும். அங்கே கழிப்பறையும் காலை உணவும் இருக்க வேண்டும்.

4. செட் மாத்திரை விற்கும் கடைகள் மீது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். மருந்தாளுநர் நோயாளிக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்ற 2015 விதியை அமல்படுத்த வேண்டும்.

5. மருந்து கொடுக்கும் ஜன்னலில் யாரையும் ஒருமையில் பேசக் கூடாது.

அரசு செய்யும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. காலனி இளைஞர்களே, வரும் ஞாயிறு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். காலாவதியானதைத் தனியே எடுங்கள். மீதியின் பெயரையும் எந்த நேரத்துக்கு என்பதையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, அடுத்தமுறை மருத்துவரிடம் அந்தத் தாளையும் பையையும் சேர்த்துக் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், கேளுங்கள். சந்தேகத்துக்கு 104 இருக்கிறது. மருந்தால் பாதிப்பு என்றால் புகாரளிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

இந்த நகரத்தின் அழுக்கை முதுகில் சுமந்தவர்கள், மடித்துக் கொடுத்த பெயரில்லாப் பொட்டலத்தோடு முதுமையைக் கழிக்கக் கூடாது. எந்த மாத்திரை, எதற்கு, எத்தனை நாள் என்று கேட்பது அவர்களின் உரிமை. பதில் சொல்வது உங்கள் கடமை.

ஜெய்பீம்!