‘லேசாகத்தான் பிடிக்கிறது’ என்று விடலாமா?



“லேசாகத்தான் கரண்ட் பிடிக்கிறது, ஒன்றும் ஆகாது.” செஞ்சி கடைவீதியில் இந்தப் பேச்சைக் கேட்காத நாளில்லை. ஃபிரிட்ஜைத் தொட்டால் சுரீரென்கிறது. மாவு மிஷினைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறது. செருப்புப் போட்டுக்கொண்டு வேலையைப் பார் என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறோம்.

நாமும் அப்படிச் சொன்னவர்தாம். நமது மண்டியில் மூட்டை தைக்கும் மிஷினின் ஒயர் அறுந்து, டேப் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டுப்போட்டபோது எர்த் ஒயரைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். ஷாக் அடிக்கிறது என்று பையன் இரண்டு முறை சொன்னான். சீசன் முடியட்டும் என்றோம். ஒரு மழை நாளில், ஈரத் தரையில் நின்று தைத்தவன் மிஷினோடு ஒட்டிக்கொண்டான். மேஸ்திரி ஓடிப்போய் மெயினை இறக்கியதால் பிழைத்தான். அவன் தாயார் நம்மை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

எம்.சி.பி. போட்டிருக்கிறோமே என்று பலர் நம்புகிறார்கள். அது ஒயரைக் காப்பது. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதன் விலை ஒரு மூட்டை துவரம்பருப்பின் விலைகூட வராது. மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் செருகும் பழக்கத்தையும் விட வேண்டும்.

அடுத்தது பேட்டரி. இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகிறது. அதை நாம் சாமி படத்துக்குக் கீழே வைத்து, மேலே கற்பூரம் ஏற்றுகிறோம்! காற்றோட்டமான இடத்தில், கோணியும் எண்ணெய் டின்னும் இல்லாத பக்கம் வைப்பதே முறை.

மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரி இன்னும் கடுமையானது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், மின்சார வண்டி ஷோரூமில் பற்றிய தீயால் மேலிருந்த லாட்ஜில் 8 பேர் மாண்டார்கள். இரண்டு இடத்திலும் உயிரைக் குடித்தது புகை. ஆகவே கடை வாசலிலும் மாடிப்படிக்கு அடியிலும் சார்ஜ் போடக் கூடாது. அங்கே பற்றினால் வெளியேற வழி இருக்காது. இரவு கடையைப் பூட்டிவிட்டுச் சார்ஜில் விட்டுப்போவதும் வேண்டாம். பேட்டரி உப்பினாலோ புகைந்தாலோ சரக்கைக் காப்பாற்ற நிற்காமல் எல்லோரும் வெளியேறி, 101க்குச் சொல்ல வேண்டும். அணைந்ததுபோல் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றும்.

ஷாக் அடித்தவரைக் கையால் தொட்டு இழுக்கக் கூடாது. முதலில் மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகைமேல் நின்று, காய்ந்த கட்டையால் தள்ளுங்கள். பேச்சு மூச்சு இல்லையென்றால் 108க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே என்பது முதலாளிக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அதன் முன் மூட்டை அடுக்குவதும் கூடாது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் மழையில் நம் விழுப்புரம் மாவட்டம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் புகுந்த கடையில் எலக்ட்ரீஷியன் பார்க்கும்முன் சுவிட்சில் கை வைக்கக் கூடாது.

ஆயுத பூஜைக்கு மிஷினுக்கும் தராசுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். அதற்கு முந்தின வாரம் நமது சங்கமே ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை அமர்த்தி, வீதி வீதியாகக் கடைகளின் எர்த்தைப் பார்க்கச் செய்யலாம். செலவைப் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பாரமில்லை. கடைப்பையன் “பிடிக்கிறது” என்று சொன்னால், அன்றைக்கே அந்த மிஷினை நிறுத்துவோம். நஷ்டமான வியாபாரத்தை அடுத்த சீசனில் பிடித்துவிடலாம். போன உயிரை எந்தச் சீசனில் பிடிப்பது?