நறுமணம் யாருக்காக?

நறுமணத்தை வெறுக்கும் மார்க்கமன்று நம்முடையது. இவ்வுலகப் பொருட்களில் தமக்கு விருப்பமாக்கப்பட்டவற்றுள் ஒன்றாக நறுமணத்தை நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டதை அறியாதவர் நம்மில் அரிது. யாரேனும் நறுமணம் கொடுத்தால் மறுக்கலாகாது என்பதும் அவர்கள் கற்றுத்தந்த ஒழுக்கமே. ஆகவே அத்தர் பூசுபவரோடு நமக்கு வழக்கில்லை. நறுமணக் குப்பியோடு சேர்த்து விற்கப்படும் ஒரு பொய்யோடுதான் வழக்கு.

பூசும் வாசனையே ஆளைக் காட்டும் என்கிறது இன்றைய வணிகம். மர வாசனை பூசினால் நீங்கள் ஆழ்ந்த மனத்தினர், தனித்து நிற்பவர், எளிதில் பிடிபடாதவர். அதுவே ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவான வாசனையாக இருந்துவிட்டால் மரபை உடைத்தவர் என்ற பட்டமும் கூடுதலாகக் கிடைக்கும். நம் பிள்ளைகள் இதை நம்புகிறார்கள். 'இது என் பெர்சனாலிட்டிக்குப் பொருந்துகிறது' என்று அவர்கள் சொல்லும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை, கவலைதான் வருகிறது.

இவ்வகை வாசனைகளுள் உலகெங்கும் பெயர்பெற்ற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2006இல் நியூயார்க்கில் கடை திறந்த லெ லாபோ நிறுவனம் 2011இல் வெளியிட்டது சாந்தால் 33. சந்தனத்தின் பிரெஞ்சுப் பெயரே சாந்தால். ஆஸ்திரேலியச் சந்தனம், சிடார் மரம், ஏலக்காய், வயலட், தோல் ஆகியவற்றின் மணங்களைச் சேர்த்து அமைத்திருக்கிறார்கள். மணம் நல்ல மணமே. அதை மறுப்பது நேர்மையாகாது. 100 மில்லி குப்பியின் விலை 300 டாலருக்கு மேல். ஆனால் அந்த விலைக்கு மணம் மட்டும் விற்கப்படவில்லை. பழைய மார்ல்பரோ சிகரெட் விளம்பரங்களை நினைவூட்டி, பரந்த வெளியில் மாலை வானத்தின் கீழ் நெருப்பின் முன் தன் குதிரையோடு தனித்திருக்கும் மனிதன் ஒருவனை அந்நிறுவனம் நமக்குக் காட்டுகிறது. இதைப் பூசினால் ஆணோ பெண்ணோ எவரும் அம்மனிதனாகலாம் என்பது குறிப்பு.

யார் அந்த மனிதன்? அவனுடைய பிறப்பு வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். மார்ல்பரோ 1920களில் பெண்களுக்கான மென்மையான சிகரெட்டாக விற்கப்பட்டது. வடிகட்டி வைத்த சிகரெட் பெண்களுக்கு உரியது என்ற எண்ணம் ஆண்களிடையே இருந்ததால், 1950களின் நடுவில் லியோ பர்னெட்டின் விளம்பர நிறுவனம் அதற்கு மாட்டுக்காரன் முகத்தை ஒட்டியது. சில ஆண்டுகளுக்குள் அதே பெயர் ஆண்மையின் அடையாளமாகிவிட்டது. அவ்விளம்பரங்களில் தோன்றியவர்களுள் சிலர் பின்னாளில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தனர். ஆக, பெண்ணுக்கென்று புனைந்து, பிறகு ஆணுக்கென்று மாற்றிப் புனைந்த ஒரு சரக்கின் முகமூடியை இப்போது இருபாலருக்கும் பொதுவென்று மூன்றாம் முறையாக விற்கிறார்கள். இதைத்தான் நம் பிள்ளைகள் தங்கள் சொந்த ஆளுமை என்கிறார்கள்!

தனித்துவத்தின் கதி என்னவாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். அந்நிறுவனத்தை 2014இல் எஸ்டி லாடர் என்னும் பெருநிறுவனம் வாங்கிக்கொண்டது. மறு ஆண்டே, எங்கு திரும்பினாலும் இந்த மணந்தான் வீசுகிறது என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் கட்டுரை வெளியிட்டது. கூட்டத்திலிருந்து விலகி நிற்க வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே வாசனையோடு மின்தூக்கியில் சந்தித்துக்கொண்டார்கள்.

இருபாலருக்கும் பொது என்பதை ஏதோ புதுக் கண்டுபிடிப்புபோல் பேசுவதும் வேடிக்கையே. ஆணின் நறுமணம் மணம் வெளிப்பட்டு நிறம் மறைந்தது. பெண்ணின் நறுமணம் நிறம் வெளிப்பட்டு மணம் மறைந்தது என்று திர்மிதீயில் வரும் செய்தியை நாம் அறிவோம். பெண்கள் வெளியே செல்லும்போது பேண வேண்டிய வரம்பும் தெளிவானது. அதே வேளையில், ஜும்ஆ நாளில் ஆண் நறுமணம் பூசுவதைப் பற்றிய அறிவிப்பொன்றில், பெண்ணுடைய நறுமணமாயினும் சரியே என்ற சொல் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறுகிறது. வீட்டில் வேறு இல்லையென்றால் மனைவியின் நறுமணத்தையேனும் தொட்டுக்கொண்டு வா என்பது அதன் பொருள். அதைப் பூசுவதால் அவன் துணிச்சல்காரன் ஆகிவிடுவதில்லை. மரபை உடைத்தவனும் ஆவதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு வியர்வை வாடையால் துன்பம் வராமல் காக்கிறான், அவ்வளவே.

ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அறிவிக்கும் புகாரீயின் ஹதீஸை இங்கே நிதானமாக வாசிக்க வேண்டுகிறோம். ஜும்ஆ நாளில் குளித்து, தூய்மை செய்து, எண்ணெய் தடவி, அல்லது தன் வீட்டிலுள்ள நறுமணத்தைப் பூசிப் புறப்படுபவரைப் பற்றிப் பேசுகிறது அது. 'தன் வீட்டிலுள்ள' என்ற சொல்லைக் கவனியுங்கள். தேடிப்போய்த் தனக்கென்று வாங்கியது என்று அங்கே இல்லை. அடுத்து வருவது என்ன? இருவருக்கிடையே புகுந்து அவர்களைப் பிரிக்காமல் அமர்வது. நறுமணமும் ஸஃப்பின் ஒழுங்கும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. பூண்டும் வெங்காயமும் தின்றவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்ற தடையையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். வாடையும் மணமும் பிறருக்கு என்ன செய்கின்றன என்பதே அங்கே கேள்வி. குதிரையோடு தனித்திருப்பவனுக்குத் தோளோடு தோள் சேரும் ஸஃப்பு ஏது?

'எல்லாவற்றிலும் குறை காண்கிறீர்கள், ஒரு சென்ட் வாங்குவதில் என்ன இருக்கிறது' என்று சிலர் கேட்பர். வாங்குவதில் ஒன்றுமில்லை. ஆல்கஹால் கலந்ததா என்ற விவாதம் கூட இங்கே நம் பொருளன்று. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். சினத்தை அடக்குவதும், வாக்கைக் காப்பதும், கடனைத் திருப்பிக் கொடுப்பதும் ஆளை உருவாக்குபவை என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கையில், கடைக்காரன் அவ்விடத்தில் ஒரு குப்பியை வைக்கிறான். வைத்துவிட்டு, அது இல்லாதவனை ஒன்றுமற்றவனாக உணரச் செய்கிறான். மாதத் தவணையில் அதை வாங்கும் இளைஞன், பள்ளிவாசல் வாயிலில் அத்தர் விற்கும் பெரியவர் தன் கையில் ஒரு சொட்டுத் தொட்டுவைக்க வரும்போது கையை இழுத்துக்கொள்கிறான். மறுக்கலாகாது என்று சொல்லப்பட்ட ஒன்றைத் தன் 'பெர்சனாலிட்டி' கெட்டுவிடும் என்பதற்காக மறுக்கிறான்.

அத்தகைய குப்பியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைக் கொட்டிவிட வேண்டாம், அதுவும் வீண்விரயமே. வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் இடத்தில் வையுங்கள். வெள்ளிக்கிழமை பூசிக்கொண்டு வாருங்கள். ஓரிரு துளி போதும், பக்கத்தில் தொழுபவருக்கு ஆஸ்துமா இருக்கலாம்.