பெஹ்லே ஆப்... யாருக்கு?

லக்னோவுக்கு மாற்றல் என்றதும் நண்பர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி சொன்னது அந்தப் பழைய ஜோக்தான். ரெண்டு நவாபுகள் "பெஹ்லே ஆப்", அதாவது "முதலில் நீங்க ஏறுங்க" என்று மாற்றி மாற்றி உபசாரம் பண்ணிக்கொண்டு நிற்க, ரயில் கிளம்பிப் போயேவிட்டதாம். இப்போது அதே நவாபுகள் வந்தால் ஜன்னல் வழியாகக் கர்சீஃப் போட்டு இடம் பிடிப்பார்கள் என்பது என் நாலு வருஷ அனுபவம் :-)

மரியாதை செத்துப்போச்சு என்று புலம்ப எனக்கும் ஆசைதான். வங்கியில் உட்கார்ந்தால் தினம் நாலு காரணம் கிடைக்கும். குறிப்பாக நவம்பர் மாதம். பென்ஷன்தாரர்கள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வருகிற மாதம். 2014-லேயே ஜீவன் பிரமாண் வந்துவிட்டது, வீட்டிலிருந்தே கொடுக்கலாம். இருந்தாலும் நேரில் வந்து கொடுத்தால்தான் பல பெரியவர்களுக்குத் திருப்தி. அவர்கள் பாஸ்புக்கைப் பையிலிருந்து எடுப்பதற்குள், செல்போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே ஒரு கை அவர்கள் தோளுக்கு மேலே நீளும். "சார், ஒரே ஒரு எண்ட்ரிதான்!"

2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சர்க்குலர் அனுப்பியது. மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிக் கவுண்டரோ, முன்னுரிமையோ கொடுக்க வேண்டும் என்று. நல்ல உத்தரவு. ஆனால் "பெரியவரே, நீங்க முதல்ல போங்க" என்று வரிசையில் நிற்கிற ஒருத்தர் சொல்லியிருக்க வேண்டியதை ரிசர்வ் வங்கி சொல்ல வேண்டியதாகிவிட்டது, பாருங்கள்.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். பித்தளை டோக்கன் காலத்தில் கவுண்டருக்கு உள்ளே இருந்தவர்கள் வாடிக்கையாளரை விரட்டியதை நேரில் பார்த்தவன் நான். அந்த மரியாதை பெரும்பாலும் மேல் நோக்கியே போனது. இன்றைக்கும் பாருங்கள், மேனேஜருக்கு "ஆப்", சக ஊழியருக்கு "தும்", ரிக்‌ஷாக்காரருக்கு "தூ". நாம் மட்டும் என்ன ஒழுங்கு? அப்பா வயது வாட்ச்மேனை "நீ, வா, போ" என்று கூப்பிடுகிறவர்கள் நம் ஊரில் இல்லையா? பெஹ்லே ஆப் சொல்லிக்கொண்ட நவாபுகள் தங்கள் மூட்டையைத் தூக்கிவந்த கூலிக்காரரிடம் என்ன சொன்னார்கள் என்று ஜோக்கில் வராது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். டோக்கன் மெஷின் ஒழுங்காக ஓடுகிற நாளில் தள்ளுமுள்ளு பாதி காணாமல் போய்விடுகிறது. அது ரிப்பேரான நாளில் அதே மனிதர்கள் முண்டியடிக்கிறார்கள். தன் முறை நிச்சயம் வரும் என்று தெரிந்தால்தான் மனுஷன் அமைதியாக நிற்பான். நாலு கவுண்டருக்கு ஒரே ஒரு ஆளைப் போட்டுவிட்டு ஜனங்களுக்கு நாகரிகம் இல்லை என்று நாங்கள் குறைப்பட்டுக்கொள்வது நியாயமில்லை.

ஆக, பாதி மரியாதை ஏற்பாட்டில் இருக்கிறது. அதை நிர்வாகம் செய்ய வேண்டும். மீதிப் பாதி நம் வாயில் இருக்கிறது. ஒருவருக்கு நாகரிகம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அவர் என்னிடம் எப்படிப் பேசுகிறார் என்று நான் பார்ப்பதில்லை. லோன் வேண்டியிருக்கிறது, குழைந்துதான் பேசுவார். வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற காவலாளியிடம் "ஆப்" சொன்னாரா என்று பார்ப்பேன். அதற்கு எந்த சர்க்குலரும் வரப்போவதில்லை.

நீங்க என்ன சொல்றீங்க?