மடியில் ரிவால்வர் வேண்டுமா?

"அண்ணே, இடுப்பில் செருகினால் வெளியே தெரியக் கூடாது. அப்படி ஒரு சின்ன ரிவால்வர் வாங்க வேண்டும். எது நல்லது, சொல்லுங்கள்!"

விருத்தாசலம் போயிருந்தபோது ஒரு நண்பர் என்னிடம் இப்படிக் கேட்டார்.

அவர் பீங்கான் தொழில் செய்கிறவர். விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோவில் நினைவுக்கு வரும். அதற்கு அடுத்தபடி பீங்கான்தான். பொம்மை, அகல் விளக்கு, மின்சார பியூசுக்கு வேண்டிய சாமான் எல்லாம் அங்கே செய்கிறார்கள்.

நண்பரிடம் 14 பேர் வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுக்க வேண்டும். பாங்கியில் பணம் எடுத்து, பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் தனியாக வருவார். வசூலுக்கு வெளியூர் போனால், ரெயிலை விட்டு இறங்கும்போது நள்ளிரவு ஆகிவிடும்.

ஒருநாள் இரவு, இரண்டு பேர் அவர் பின்னாலேயே வந்தார்களாம். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று பிடித்த பயம் அவரை விடவில்லை.

மடியில் கனம், வழியில் பயம்! பணம் வைத்திருப்பவருக்கு இந்தப் பயம் வருவது இயற்கை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மடியில் ரிவால்வரையும் வைத்தால் கனம் குறையுமா, கூடுமா? அதுதான் கேள்வி.

எது சிறியது?

முதலில் ரிவால்வர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

அதன் நடுவில் ஓர் உருளை இருக்கும். உருளையில் பெரும்பாலும் 6 அறைகள். அறைக்கு ஒரு தோட்டா. விசையை இழுத்தால் உருளை சுழலும். அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வரும். பின்னால் உள்ள சுத்தி அதைத் தட்டும். குண்டு பாயும். அவ்வளவுதான்.

நம் நாட்டிலேயே ரிவால்வர்கள் செய்கிறார்கள். 2014-ம் ஆண்டு ஜனவரியில் கான்பூர் அரசு தொழிற்சாலை "நிர்பீக்" என்ற ரிவால்வரை வெளியிட்டது. 2012-ம் ஆண்டு டெல்லி ஓடும் பஸ்சில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. அந்தப் பெண்ணை "நிர்பயா" என்று மக்கள் அழைத்தார்கள். அந்தப் பெயரை ஒட்டித்தான் இதற்கும் பெயர் வைத்தார்கள். பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நகைப் பெட்டி போன்ற பெட்டியில் வைத்து விற்றார்கள்.

எடை அரைக் கிலோ. அன்றைய விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்!

"நிடர்" என்று இன்னொன்று உண்டு. அது கால் கிலோதான். 2023-ம் ஆண்டு "பிரபல்" என்ற ரிவால்வர் வந்தது. இது முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 50 மீட்டர் வரை சுடலாம் என்று அறிவித்தார்கள்.

நிர்பீக் என்றாலும், நிடர் என்றாலும் "பயம் இல்லாதவர்" என்றுதான் பொருள். பயந்தவரிடம் விற்கும் பொருளுக்குப் பயமற்றவர் என்று பெயர்! பெயரில் பயம் இல்லை. வாங்கியவர் மனதில் இருந்து அது போகுமா?

சிறியது சுலபமா?

"சின்னதாக இருந்தால் சுலபம்" என்று நண்பர் நினைத்தார். அது தவறு.

சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். ஒரே தோட்டாவைச் சுட்டால், கனமான துப்பாக்கியை விட லேசான துப்பாக்கிதான் அதிகம் உதைக்கும். கை தூக்கிவிடும். அடுத்த குறி தப்பும். குழல் குட்டையாக இருந்தால் குறி பார்ப்பதும் கஷ்டம். பிடி சிறியதாக இருந்தால் விரல்களுக்கு இடம் போதாது.

மடியில் வைக்க எது சுகமோ, அது சுடுவதற்குக் கஷ்டம். சுடுவதற்கு எது சுகமோ, அது மடியில் வைக்கக் கஷ்டம். சின்ன ரிவால்வர் என்பது கைதேர்ந்தவருடைய ஆயுதம். புதிதாக வாங்குபவருக்கு ஏற்றது அல்ல.

சுவரில் நிற்கும் குறிப்பலகை அசையாது. அதைச் சுடுவது ஒன்று. இருட்டில், கை நடுங்கும்போது, ஓடிவரும் ஆளைச் சுடுவது வேறு. குறி தப்பிய குண்டு சும்மா போகாது. எதிர் வீட்டு ஜன்னலுக்குப் போகலாம். டீக்கடையில் நிற்பவர் மீது பாயலாம்.

ஒன்றரை விநாடி

அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி என்ற ஊரில் டென்னிஸ் டூலர் என்று ஒரு போலீஸ் அதிகாரி இருந்தார். கத்தியோடு ஒருவன் ஓடிவந்தால் போலீஸ்காரருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று அவர் கணக்குப் பார்த்தார். 1983-ம் ஆண்டு அதை எழுதினார்.

21 அடி தூரத்தை ஒருவன் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறான்!

தினமும் பழகிய போலீஸ்காரருக்கே அந்த நேரத்தில் ஓரிரு தடவை சுடுவதுதான் முடிகிறது. அதுவும் துப்பாக்கி இடுப்பு உறையில் தயாராக இருந்தால்! நம் நண்பரோ சட்டையைத் தூக்க வேண்டும். பணப் பையைக் கீழே போட வேண்டும். மோட்டார் சைக்கிளை நிறுத்த வேண்டும்.

வழிப்பறிக்காரன் 21 அடி தூரத்தில் நின்று சொல்லிவிட்டு வருவது இல்லை. பக்கத்தில் வந்த பிறகுதான் யார் என்று தெரியும். அப்போது ரிவால்வர் யார் கையில் இருக்கும்?

சட்டம் என்ன சொல்கிறது?

ரிவால்வர் வைத்திருக்க லைசென்சு வேண்டும். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் இதைச் சொல்கிறது. விருத்தாசலத்துக்காரர் கடலூர் மாவட்ட கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். போலீசார் விசாரிப்பார்கள். உண்மையில் ஆபத்து உண்டா, வீட்டில் எங்கே பூட்டி வைப்பீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் லைசென்சு கிடைக்காது.

லைசென்சு இல்லாமல் வாங்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். 2019-ம் ஆண்டு திருத்தத்தின்படி, லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை ஜெயில்!

லைசென்சு கிடைத்தாலும் இஷ்டம் போல நடக்க முடியாது. 2016-ம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. வெளியே போகும்போது ரிவால்வரை உறையில் வைத்து, முழுவதும் மூடி எடுத்துச் செல்ல வேண்டும். எடுத்துக் காட்டி யாரையும் மிரட்டக் கூடாது. கல்யாண வீட்டில் சந்தோஷத்துக்காகக் கவனமின்றிச் சுட்டால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள்.

இன்னொன்றையும் பலர் அறிவது இல்லை. தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அதற்கு அளவு உண்டு. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து என்ற நிலை வேறு. பையைத் திருடிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால், அது தற்காப்பு ஆகாது. அப்புறம் கூண்டில் நிற்பவன் திருடன் அல்ல. நீங்கள்!

கோபம் வந்தால்?

ஆபத்து எப்போதும் வெளியே இருந்துதான் வருகிறதா?

1967-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி. சென்னை ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆரைப் பார்க்க நடிகர் எம்.ஆர்.ராதா வந்தார். இருவரும் பல படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். வந்தது பேசுவதற்கு. முடிந்தது துப்பாக்கிச் சூட்டில்!

எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. ராதாவும் குண்டுக் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். இருவரும் பிழைத்தார்கள். ராதா குற்றவாளி என்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. எம்.ஜி.ஆரின் குரல் மாறியது மாறியதுதான்.

வந்தவர் முன்பின் தெரியாத திருடன் அல்ல. கூட நடித்தவர். அந்த அறையில் துப்பாக்கி இல்லாமல் இருந்திருந்தால், வாய்ச் சண்டையோடு போயிருக்கலாம் அல்லவா?

அமெரிக்காவில் டாக்டர் கெல்லர்மன் என்பவர் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்தது. 1993-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு, இல்லாத வீட்டைவிட சுமார் 2.7 மடங்கு என்று கண்டார்கள். அதுவும் பெரும்பாலும் குடும்பத்தார் அல்லது தெரிந்தவர் கையால்!

திருடன் வருஷத்துக்கு ஒருநாள் வரலாம். வராமலும் போகலாம். கோபம் தினமும் வருகிறது. மனக்கஷ்டமும் வருகிறது. கடன்காரன் திட்டிவிட்டுப் போன இரவில், கைக்கு எட்டிய தூரத்தில் ரிவால்வர் இருக்கக் கூடாது.

அம்மா கேட்ட கேள்வி

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை நண்பரின் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார். காபியை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, இவங்க வீட்டுக்கு வந்ததும் அதை எங்கே வைப்பாங்க? நம்ம பையன் பீரோவைத் திறக்கிறான். பரண் மேலே ஏறுகிறான். கொலு பொம்மையை எங்கே ஒளித்து வைத்தாலும் எடுத்து விடுகிறான். இதை மட்டும் விட்டு வைப்பானா?"

நண்பர் வாய் திறக்கவில்லை.

ரிவால்வரைப் பூட்டி வைக்கலாம். தோட்டாவைத் தனியாகப் பூட்டி வைக்கலாம். அப்படித்தான் வைக்க வேண்டும். ஆனால் தினமும் இடுப்பில் செருகிப் போகிறவர், தினமும் இரவு களைத்து வருகிறவர், ஒருநாள் மறந்து தலையணைக்குக் கீழே வைத்துவிட்டால்? பையனுக்கு வயது 6. விசை என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். சாவு என்றால் என்னவென்று தெரியாது.

என் பதில்

உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து உள்ளவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு நான் "வேண்டாம்" என்று சொல்லமாட்டேன். ஆனால் நான்கு கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லட்டும்.

கையில் லைசென்சு இருக்கிறதா? முறையான பயிற்சி பெற்று, அதை விடாமல் செய்ய முடியுமா? வெளியே இருக்கும்போது உறை, வீட்டில் இருக்கும்போது இரும்புப் பெட்டி, இதில் ஒருநாளும் தவறாமல் இருப்பீர்களா? குடியும் கோபமும் இல்லாதவரா?

நான்குக்கும் "ஆம்" என்றால், அப்புறம் ரிவால்வரைப் பாருங்கள். இருப்பதில் சிறியதைத் தேடாதீர்கள். உங்கள் கைக்குப் பொருந்துவதை, உதைத்தாலும் கையில் நிற்பதைப் பாருங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும், எந்த ரிவால்வரும் உங்களுக்கு நல்லது அல்ல.

மற்றக் குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒன்றே. கனத்தைக் குறையுங்கள்! பயம் தானே குறையும்.

கூலியைத் தொழிலாளர்களின் பாங்கிக் கணக்கில் போடலாம். பணம் எடுக்கப் போனால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே வழி என்று போகாமல் மாற்றிக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் 112-க்குப் போன் செய்யலாம். தமிழ்நாடு போலீசாரின் "காவல் உதவி" செயலியைப் போனில் வைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கு லட்ச ரூபாய் வேண்டாம். லைசென்சும் வேண்டாம். பையன் எடுத்து விளையாடினாலும் யாருக்கும் காயம் இல்லை.

நண்பர் இப்போது கூலியைப் பாங்கி மூலம் கொடுக்கிறார். இரவு ரெயிலில் வந்தால், மைத்துனர் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போகிறார்.

விடைபெறும்போது நண்பர் சொன்னார்: "அண்ணே, எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. பச்சை மண்ணில் தப்பு வந்தால் பிசைந்து மறுபடி செய்யலாம். சூளையில் வைத்துச் சுட்டுவிட்டால் திருத்த முடியாது!"

துப்பாக்கியும் அப்படித்தான். சுட்ட பிறகு திருத்த முடியாது. யோசிக்க வேண்டியதை முன்னாலேயே யோசித்துவிடுங்கள்!