பிறந்தநாளுக்கு ஒரு பிளேன்ரீ போதும்

யாழ்ப்பாணத்தில் இப்ப ஒரு வயசுப் பிள்ளைக்கே ஹோல் எடுத்து, மேடை சோடிச்சு, கமராக்காரரும் பிடிச்சுக் கொண்டாடுகிறோம். பிள்ளை லைற் வெளிச்சத்துக்கு வீரிட்டு அழும். கேக் வெட்டுவது பெரியாக்கள்தான். முந்தி இது பின்னேரம் நாலு மணிக்கு விறாந்தையில் பாய் விரிச்சு, பட்டர் கேக், ரோல்ஸ், கடலை வடையோடு முடிஞ்ச விசயம். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் வெறும் பிளேன்ரீதான் ஊத்தினோம். யாரும் கோவிச்சுக்கொண்டு போகவில்லை.

கடன்பட்டுச் செய்வது அவரவர் பாடு. எனக்கு உறைக்கிறது வேறு. ஹோலுக்கு வெறுங்கையோடு போக ஏலாது என்று, கூலிவேலைக்குப் போகிற சில வீடுகள் பிள்ளைகளை அனுப்புவதே இல்லை. முன்பள்ளியில் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கேக் அடுத்தநாள் கதையாகத்தான் கிடைக்குது.

அழைக்கேக்கையே, "ஒண்டும் கொண்டு வராதேங்கோ, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். கேத்தலில் இன்னும் கொஞ்சம் தண்ணி விட வேண்டிவரும்.