எந்த அட்டை முதலில்?



விடுமுறை வந்தால் எங்கள் சூலக்கரைத் திண்ணைகளில் அட்டை விளையாட்டு களைகட்டும். கூடவே, "என் அட்டைதான் முதலில்!" என்ற சண்டையும் வரும்.

இந்தச் சண்டை பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது. கணித வல்லுநர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய, 'மேஜிக்: தி கேதரிங்' என்ற அட்டை விளையாட்டு, 1993ல் அமெரிக்காவில் வெளியானது. எந்த அட்டையின் பலன் முதலில் நடக்கும் என்பதில் குழப்பம். 1999ல் தெளிவான விதி வந்தது.

ஒரு கணக்கு போடுவோமா?

இருவருக்கும் மீதி ஒரே ஓர் உயிர்ப்புள்ளி. இருவரின் வீரர் அட்டைகளும் ஒரே நேரத்தில் சாகின்றன. இரண்டிலும், 'இந்த வீரர் இறந்தால், எதிராளிக்கு ஒரு புள்ளி குறையும்' என்று அச்சிட்டிருக்கிறது. வெல்வது யார்?

ஆடும் முறை யாருடையதோ, அவரது அட்டையின் பலனை அடியில் வைப்பர். எதிராளியுடையது அதன் மேல். கழுவி அடுக்கிய தட்டுகளில் மேல் தட்டைத்தானே முதலில் எடுப்போம்? அதேபோல, மேலே உள்ளதே முதலில் நடக்கும். அத்துடன் ஆட்டம் முடிந்தது. ஆடும் முறை யாருடையதோ, அவரே தோற்பார்!

தோற்றவர் சண்டை போட முடியாது. ஏனெனில், யார் ஜெயிப்பார் என்று தெரியும் முன்பே, இருவரும் ஒப்புக்கொண்ட விதி அது. தோற்கும் நேரத்தில் விதி பேசினால், அது சாக்குதான்.

இனி, அட்டையைக் கலைக்கும் முன் விதியைப் பேசிவிடுங்கள். நட்பும் நிலைக்கும், ஆட்டமும் இனிக்கும். சரிதானே, குட்டீஸ்!