பேஸ்மட்டம்னா என்னங்க?

எங்கள் பூதலூர்ப் பக்கம் கொத்தனாரிடம் 'பேஸ்மட்டம்' என்று சொன்னால், வீட்டைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துகிற மேடை என்று புரிந்துகொள்வார். "ரோட்டை விட மூணடியாச்சும் ஏத்துங்கண்ணே, மழைத்தண்ணி உள்ள வந்துடும்." வீடு கட்டுகிற எல்லாரும் சொல்கிற வசனம் இது.

சென்னையில் பேஸ்மென்ட் என்றால் ரோட்டுக்குக் கீழே இருப்பது என்று போன வருடம்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதில் மனுஷன் படுத்துத் தூங்குகிறான் என்பதையும்!

வேலை தேடிப் போன என் ஊர் நண்பன் தங்கியிருந்த அறை. பிளானில் அது கார் நிறுத்தும் இடமாம். பிளைவுட் அடித்து நாலு தடுப்பு, ஆறு பேர். ஜன்னல் கிடையாது. ஒரே படிக்கட்டு, ஒரே கதவு. சுவரெல்லாம் ஈரம், பூஞ்சை வாடை. படிக்கட்டுக்கு அடியில் கரண்ட் பெட்டி, அதை ஒட்டி கேஸ் அடுப்பு. "நாலாயிரத்துக்கு வேற எங்கடா கிடைக்கும்?" என்று இருமிக்கொண்டே கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மாடியில் கசிந்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிடலாம். பள்ளத்தில் கசிந்தால் தரையோடு தங்கிவிடும், ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். தண்ணீர்க் கணக்கு இன்னும் மோசம். மூன்றடி அகலக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது, வெளியே இரண்டடித் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். கதவின் மேல் சுமார் 170 கிலோ அழுத்தம். (பிளஸ் டூ பௌதிகம்தான், போட்டுப் பாருங்கள்.) தள்ளித் திறப்பீர்களா?

மிகைப்படுத்துகிறேன் என்பவர்களுக்கு: 2024 ஜூலை 27, டெல்லி ஓல்ட் ராஜிந்தர் நகர். ஐ.ஏ.எஸ். பயிற்சி மையத்தின் பேஸ்மென்ட் நூலகத்துக்குள் மழைத்தண்ணீர் புகுந்து மூன்று மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். அந்த இடத்துக்கு இருந்த அனுமதி வண்டி நிறுத்தவும் சாமான் வைக்கவும்தான். சுமார் ஒரு மாதம் முன்பே ஒரு மாணவர் புகார் கொடுத்திருந்தார். மூன்று பேர் செத்த பிறகு அந்த வட்டாரத்தில் பேஸ்மென்ட்களுக்கு மளமளவென்று சீல் வைத்தார்கள். அடடா, என்ன வேகம்!

தஞ்சாவூர் மாவட்டத்துக்காரனுக்கு இந்த வேகம் புதுசில்லை. 2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரே கட்டிடத்தில் மூன்று பள்ளிகள், கீற்றுக் கூரை, குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் கருகிய பிறகுதான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றைப் பிரித்தார்கள். முந்தின நாள் வரை அந்தக் கூரை யார் கண்ணிலும் படவில்லை, பாருங்கள்.

"தெரிஞ்சே ஏன் தங்கறாங்க? புகார் கொடுக்க வேண்டியதுதானே?" என்கிறார்கள் பெரியவர்கள். கொடுக்கலாம் சார். அதிகாரி வந்து சீல் வைப்பார். அன்று ராத்திரி நண்பனும் அவன் பெட்டியும் பிளாட்பாரத்தில். அட்வான்ஸ் கோவிந்தா. ஓனருக்கு நாலு மாதத்தில் சீல் உடையும், அடுத்த ஆறு பேர் வருவார்கள். ஆபத்தை மூடி மறைக்கிற வேலையைக் குடியிருப்பவனே செய்கிறான் என்றால், செய்ய வைப்பது இந்த ஏற்பாடுதான்.

பணக்கார ஊரிலும் இதே கதை. 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயல் மழையில் நியூயார்க்கில் பேஸ்மென்ட் வீடுகளில் 11 பேர் மூழ்கி இறந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை அனுமதியில்லாத வீடுகள். வாயைத் திறந்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களே என்ற பயம் அங்கேயும்தான்.

இங்கே 2014-ல் வந்த சட்டப்படி பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம். ஒழுங்காக நடக்கிறதா என்பது தனிப் பஞ்சாயத்து. இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளை அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரமாட்டான்.

நான் கேட்பது ஒன்றுதான். சீல் வைக்கிற அதே உத்தரவில், அட்வான்ஸை அன்றைக்கே திருப்பித் தரவும், வேறு இடம் கிடைக்கும் வரை அந்த ஆறு பேரின் தங்கும் செலவை ஏற்கவும் ஓனரைக் கட்டாயப்படுத்துங்கள். அப்புறம் பாருங்கள், புகார் வருகிறதா இல்லையா என்று.

நேற்று நண்பன் போன் பண்ணினான். மழைக்காலத்துக்குத் தண்ணீர் இறைக்க ஓனர் மோட்டார் வாங்கி வைத்துவிட்டாராம். வாடகை தலைக்கு ஐந்நூறு ஏறிவிட்டதாம்.